அத்தையின் பறியில் விழுந்த இறால்கள்

ஊரார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை பழவேற்காடு ஏரியில் நான் வெறுங்கையால் ஓர் இறாலைப் பிடித்துவிட்டேன். மாலை மரியாதை வேண்டாம், இறால் வெட்கப்படும்.

முதலில் உனக்குத்தான் சொல்கிறேன், அத்தை. இறால் போட்டுவைக்கும் உன் ஓலைப்பறியைப் பரணிலிருந்து இறக்கியதுமே சேற்று வாசனை வந்தது. கயிற்றில் உன் பல் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது.

கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் போவாய். வாயைத் திறந்தால் பறி, பறிபோய்விடும். அதுதான் எனக்கு வசதி. நீ பறியைக் கடிக்க, நான் ஜோக் சொல்லி உன்னைக் கடிப்பேன். மூக்கால் சிரிப்பாய். பனியில் ஏரியும் வானமும் ஒன்றாய்க் கிடக்க, அந்தச் சிரிப்பின் வளையங்கள் மட்டும் தண்ணீரில் பரவிப் போகும். கரையேறியதும், "தோ வரேன்டா மருமவனே, ஒன் வாய்லயே நண்ட வுடறேன்" என்பாய்.

பிறகு பக்கத்துத் துறைமுகத்தை விரிவாக்கினார்கள். அங்கே கடலைத் தோண்ட, இங்கே மணல் வந்து சேர்ந்தது. துறைமுகம் பெருக்க, நம் முகத்துவாரம் சிறுத்தது. கடல்தண்ணீர் ஏரிக்குள் வருவது குறைந்தது. அதோடு வரும் இறால் குஞ்சும். "சேறே இல்லடா, கைக்கு மணலுதான் குத்துது" என்றாய்.

இன்னும் விரிவாக்கப் போவதாகச் சொல்லி, கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். அன்று காலை முழுக்கத் தடவியும் உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பறியை மூடிவைத்துவிட்டுப் புடவை மாற்றி வந்தாய். அப்படியே தூக்கிக்கொண்டு வேன் ஏறினாய். அதிகாரியின் மேசைமேல் கவிழ்த்தாய்.

"பாருங்க சார், காலைலேர்ந்து தடவுனது இவ்ளோதான்."

ஏழெட்டு இறால் விழுந்தது.

கூட்டம் சிரித்தது. "ஏரி நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். "இது பண்ணை எறா சார், நான் புடிக்கல" என்றாய். யாரும் காதில் வாங்கவில்லை. பொய்க்காரி என்றுகூட ஒருவர் சொன்னார். வேனில் நீ வாயே திறக்கவில்லை, பல்லில் பறி இல்லாமலே. இறங்கும்போது கேட்டாய்: "எந்தப் படுபாவிடா போட்டான்?"

"ஏரியே போட்டிருக்கும் அத்தே" என்றேன்.

அடுத்த மழைக்கு நீ இல்லை.

திங்கட்கிழமை மறுபடி கூட்டம். உன் பறியோடு நான் போகிறேன்.

அத்தை, அந்தப் படுபாவி நான்தான். வெறும் பறியோடு நீ கரையேறியதைப் பார்க்கப் பொறுக்காமல், கடைத்தெருவில் வாங்கி வந்து, நீ புடவை மாற்றப் போன நேரத்தில் நைஸாகப் போட்டேன். திறந்து பார்த்துச் சிரிப்பாய் என்று நினைத்தேன். அதை அதிகாரியின் மேசையில் கவிழ்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை எல்லார் எதிரிலும் இதைச் சொல்வேன்.

இன்றைக்குப் பிடித்த அந்த ஒற்றை இறாலா? அதுவும் புளுகுதான். விடிந்ததிலிருந்து தடவினேன். பறியில் இருப்பது மணல். அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.