நீங்கள் உண்ணாத சக்கலக்கா

அண்ணை,

இன்று காலை குசினியில் பீன்ஸ் தகரம் ஒன்றை வெட்டித் திறந்தேன். தக்காளிச் சாற்றின் அந்த இனிப்பு மணம் எழும்பியது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். என் மனிசிக்கு அந்த மணம் ஆகாது. "விடியக் காலமை தகரத்துச் சாமானோ? வெள்ளைக்காரன் பாணுக்கு மேல ஊத்தித் தின்னுறது" என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவிட்டாள். மெல்பேர்ன் குளிர் உள்ளே வந்தது. நான் சாத்தவில்லை.

உங்களை முதலில் கண்ட நாளிலும் இதே மணம்தான். அப்போது எனக்குக் கடை கிடையாது. பழைய ஸ்டேஷன் வாகனின் பின்பக்கம்தான் கடை. கறித்தூள், மல்லி, பருப்பு என்று வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றேன். ஃபுட்ஸ்கிரேயில் தமிழ்ப் பெயருள்ள ஃபிட்டர் ஒருவர் தனியாக இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பெயர் தமிழ் என்றால் தூள் வாங்குவார் என்று வந்தேன்.

"யாழ்ப்பாணமோ?" என்று கேட்டேன்.

"ஜோகன்னஸ்பர்க்" என்றீர்கள். நான் முழித்ததைப் பார்த்துச் சிரித்தீர்கள். "தமிழ் வரும் தம்பி. தாத்தா கப்பல்ல கொண்டாந்த தமிழ். கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கும், உள்ள வா."

அடுப்பில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கிக்கொண்டிருந்தன. குடைமிளகாய், துருவிய கரட், தக்காளி எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன. கறித்தூளைப் போட்டுக் கிளறிக் கடைசியில் அந்தப் பீன்ஸ் தகரத்தைக் கவிழ்த்தீர்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லையே. "என்ன அண்ணை, நல்ல கறிக்குள்ள சீனிப் பருப்பைக் கொட்டுறியள்?" என்றேன்.

"சாப்ட்டுப் பேசு."

சாப்பிட்டேன். பேசவில்லை. உறைப்பு முதலில் நாக்கைப் பிடித்தது. அந்தப் பீன்ஸின் இனிப்பு பின்னால் வந்து அதை ஆற்றியது. அது ஆப்பிரிக்கச் சாப்பாடு, பெயர் சக்கலக்கா என்றீர்கள். நாலு போத்தல் தூளை உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை நல்ல பேச்சு வாங்கினேன். "ஒங்க தூளு நல்ல தூளுதான் தம்பி. ஆனா இதுல போட்டா கறுத்துப் போயிடுது. எம் பொஞ்சாதி நொம்சா பார்த்தா, யாரு செத்தான்னு கேப்பா."

நாங்கள் தூளைக் கறுக்க வறுத்து அரைப்பவர்கள். அந்த மணம் இல்லாவிட்டால் எங்களுக்குக் கறியே இல்லை. உங்கள் சட்டிக்கு அது ஆகவில்லை. ரோஷம் வந்தது, ஆனால் வாடிக்கையாளரோடு ரோஷப்பட்டால் ஸ்டேஷன் வாகனுக்குப் பெற்றோல் யார் போடுவது? மல்லியையும் சீரகத்தையும் வறுக்காமல் வெயிலில் காயவைத்து, மஞ்சளைக் கொஞ்சம் கூட்டி உங்களுக்கென்று தனியாக அரைத்தேன். தொட்டுக்கொள்ளக் களி கிண்டச் சோளமா கிடைக்கவில்லை என்றீர்கள். இத்தாலியர் கடையில் வேறு பெயரில் அதே மா மூட்டையாகக் கிடந்தது. தூக்கி வந்து வைத்ததும் ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தீர்கள்.

ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டில் என்பது அப்படித்தான் வழக்கமாயிற்று. நான் வருவேன். பக்கத்து வீட்டு மோல்டா நாட்டுக் கிழவர் தன் தட்டோடு வேலியைத் தாண்டி வருவார். எங்களுக்குக் களியும் சக்கலக்காவும் போட்டுவிட்டு நீங்கள் பாணும் பட்டரும் தேத்தண்ணியுமாக ஒரு பக்கத்தில் இருப்பீர்கள். உடம்புக்கு ஆகாதாக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீங்கள் ஏன் அண்ணை இதைச் சாப்பிடுறேல்ல?"

"நா வெரதம் தம்பி."

"ஞாயிற்றுக்கிழமை என்ன விரதம்? எந்தக் கடவுளுக்கு?"

"முருகனுக்குத்தான். மத்ததெல்லாம் சாப்பிடுவேன். இத மட்டும் விட்டுட்டேன். நொம்சா வந்து எதிர்த்தாப்புல ஒக்காந்து தட்டுல போட்டாத்தான் தொடுவேன்னு நேந்துக்கிட்டேன்."

அன்றுதான் நொம்சாவைப் பற்றி முழுதாகச் சொன்னீர்கள். சொவெட்டோக்காரி, உங்கள் மனைவி. அங்கே இந்தியருக்கு ஒரு பகுதி, கறுப்பருக்கு ஒரு பகுதி. இருவரும் ஒரு கூரையின் கீழ் இருக்கச் சட்டம் இடம் தரவில்லை. தொழிற்சங்கத்தில் நின்ற உங்களுக்குப் பாஸ்போர்ட் தராமல், இனித் திரும்பி வருவதில்லை என்று கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். நீங்கள் முன்னால் வந்து அவவைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. இங்கத்தைய அரசாங்கம் அவ வரலாம் என்று சொல்லிவிட்டது. அங்கேதான் அவவுக்குப் பாஸ்போர்ட் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள்.

நம் ஆட்களும் உங்களைச் சும்மா விடவில்லை. வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில் நடந்த தீபாவளிக் கூட்டத்தில், ஒரு பெரிய மனிதர் சாதியை நேரே கேட்கக் கூச்சப்பட்டு, "மனிசி எந்தப் பகுதி ஆள்?" என்றார்.

"சொவெட்டோ பகுதி" என்றீர்கள். அவர் அதற்கு மேல் கேட்கத் தெரியாமல் வடையை எடுத்துக் கடித்தார்.

பிறகு சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைப் பொலிஸ் சுட்ட செய்தி வந்தது. டிவியில் பார்த்தோம். அதற்குப் பிறகு நொம்சாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீங்கள் எழுதியதற்கும் பதில் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாதவன். துறைமுகத்தில் பழக்கமான கப்பல் சமையற்காரர் ஒருவரைப் பிடித்தேன். அவருடைய கப்பல் டர்பனுக்குப் போகும். அவர் மைத்துனர் ஜோகன்னஸ்பர்க்கில் லொறி ஓட்டுகிறார். அந்த மைத்துனர் நொம்சாவின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முன்பு இருந்தவள் எங்கே போனாள் என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டார் கதவைத் திறக்கவே இல்லை.

இதை உங்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். நீங்கள் கரட்டைத் துருவிக்கொண்டிருந்தீர்கள். துருவுவது நிற்கவில்லை.

"வேற வீட்டுக்குப் போயிருப்பா."

"அண்ணை, உந்தச் சமையலை இனி விடுங்கோ. மனசுக்கு நல்லதில்லை."

"விட்டா கை மறந்துடும் தம்பி. அவ வந்து, என்னய்யா இப்படிப் பண்ணி வெச்சிருக்கேன்னு திட்டுனா?"

நான் நம்பிக்கையை வைத்து வியாபாரம் செய்கிறவன் இல்லை. வராத சரக்குக்கு இடம் ஒதுக்கி வைக்கமாட்டேன். உங்கள் மேசையடியில் அவவுக்கென்று போட்ட கதிரையில் ஆரும் இருந்ததில்லை. கிழவர்கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவார்.

போன வருஷம் இதே குளிரில் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் உறவு யார் என்று கேட்டார்கள். தம்பி என்று என்னை எழுதச் சொல்லியிருந்தீர்கள். மூக்கில் குழாயோடு நீங்கள் பேசியது கறியைப் பற்றித்தான். "பீன்ஸப் போட்டதும் அடுப்ப அணைச்சிடணும். கொதிச்சா குழைஞ்சிடும்." பிறகு, "ஞாயித்துக்கெழமை பண்ணு தம்பி. அவ வந்தா ஒனக்காவது தெரிஞ்சிருக்கணும்."

"ஓம் அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்று உங்கள் ஆண்டுத் திவசம். இங்கே ஐயர் இல்லை, வாழையிலை இல்லை, உங்களுக்குப் பிள்ளை இல்லை. நான்தான் குளித்து, விளக்கேற்றி, உங்கள் படத்துக்கு முன்னால் பெரிய தட்டில் படைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, வடை, பாயசம் எல்லாம் மனிசி செய்தாள். சக்கலக்கா மட்டும் என் கை. அவள் அகப்பையோடு சட்டியடிக்குப் போனாள்.

"அதை வைக்காதை" என்றேன்.

"ஏன்? செத்தவைக்கு விருப்பமானதைத்தானே வைக்கிறது? அந்த மனுசன் அதை நினைச்சு நினைச்சே செத்தது."

"அவர் விரதம்."

"செத்த ஆளுக்கு என்ன விரதம் அப்பா? எல்லாம் முடிஞ்சுதே."

"சாகும் வரைக்கும் எண்டு அவர் நேரேல்ல. அவ வரும் வரைக்கும் எண்டுதான் நேர்ந்தவர்."

"அவ வந்தாலும் இனி இவர் சாப்பிடுறதோ?" என்று மெதுவாகக் கேட்டாள். அகப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கேட்டது சரி. உங்களை எரித்தாயிற்று. அவ இருக்கிறாவா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும், நீங்கள் இல்லை என்று சொல்ல எனக்கு முகவரி இல்லை. நாளைக்கே அவ என் கடைக்குள் வந்து நின்றால்கூட உங்கள் விரதத்தை முடித்துவைக்க ஆள் இல்லை. எத்தனையோ சிக்கலில் ஏதாவது ஒரு வழி கண்டு வெளியே வந்தவன் நான். இதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

ஆனால் அந்தத் தட்டில் அதை வைக்க எனக்குக் கை வரவில்லை, அண்ணை. வைத்திருந்தால், அவ வரமாட்டா என்று உங்கள் படத்துக்கு முன்னால் நானே சொன்ன மாதிரி இருந்திருக்கும். வரமாட்டா என்றுதான் நானும் நினைக்கிறேன். இருந்தும் அதை உங்களுக்குச் சொல்லும் ஆள் நானாக இருக்கமாட்டேன்.

மத்தியானம் சட்டியை ஸ்டேஷன் வாகனில் வைத்து ஃபுட்ஸ்கிரேக்குக் கொண்டுபோனேன். மோல்டாக் கிழவர் நின்றபடியே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் என்று கையால் கேட்டார். நான் சட்டியை மூடினேன். நானும் அதை வாயில் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. எந்தக் கடவுளுக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. தன்பாட்டில் அப்படி ஆகிவிட்டது.