சாங்கியில் கனடாத் தேர்தல்

பஃபலோ ரோடு,
சிங்கப்பூர்.
17-3-1963, ஞாயிறு

அன்பு மகன் அழகப்பனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நலம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது, அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதுகிறேன், அது பொய்யில்லை. அந்தப் பனியில் நீ காது மூக்கு முழுசாக இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, படிப்பும் நடந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அப்பா முதலில் படித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கடிதத்தோடு என்னிடம் நீட்டிவிட்டுக் குளிக்கப் போனார், வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பியைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, கனடாத் தேர்தலில் ஓட்டுப் போடப் போவதில்லை, ஓட்டுப் போட்டு நம் வீட்டில் என்ன கண்டோம் என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். உனக்குப் பரீட்சை, இப்போது தெரிய வேண்டாம் என்று அப்பா மூன்று வாரம் மறைத்தார், பிறகு நாலே வரி எழுதினார். மீதியை நான்தான் எழுத வேண்டும், எழுதாமல் இருந்துவிட்டேன்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், இன்னும் விடியவில்லை. பக்கத்து வீட்டு சம்சுன்னிசா நோன்புக்குச் சாப்பிட எழுந்தவள், போலீஸ் ஜீப் வந்து நிற்பதை அவள்தான் முதலில் பார்த்தாள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஒருத்தர் சப்பாத்தைக் கழற்றட்டுமா என்றுகூடக் கேட்டார். உன் தம்பி சேதுபதியின் புத்தகங்கள், பஸ் கம்பெனித் தொழிற்சங்கத்துக் காகிதங்கள் எல்லாவற்றையும் நம் அரிசிச் சாக்கிலேயே போட்டுக் கட்டினார்கள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வர்றேம்மா என்றான், அவ்வளவுதான். அன்றைக்கு ஊர் முழுக்க நூறு பேருக்கு மேல் பிடித்தார்கள் என்று பேப்பரில் வந்தது. வழக்கு கிடையாது, கோர்ட்டு கிடையாது, எத்தனை நாள் என்று கேட்டால் பதிலும் கிடையாது. நான் உள்ளே போய் அவனுக்காக ஊறவைத்த கடலையை வேகவைத்தேன். ஊறிப்போய்விட்டதே, வேறு என்ன செய்வது.

நான் அழுவேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள் அழகப்பா. சம்சுன்னிசா நோன்புக் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, மரத்துப் போயிருக்கிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் நின்று காவடிகளைப் பார்த்தேன், எத்தனை வேல் குத்தினாலும் வலிக்காமல் ஆடிக்கொண்டு போகிறார்களே, அவர்களுக்கு அருள் வந்து வலிக்கவில்லை, எனக்கு எதுவும் வராமலே வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சோறு அடிப்பிடித்தால் வாசனை தெரிவதில்லை. அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார். அரசாங்கத் தண்ணீர் இலாகாவில் இருக்கிறவர், தம்பியைப் பார்க்கச் சாங்கி ஜெயிலுக்கு வந்தால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள் என்று வருவதில்லை. அதற்குப் பதிலாகத் தம்பியின் சட்டையைத் தன் கையாலேயே இஸ்திரி போட்டு வைக்கிறார், நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நம் வீட்டுச் சண்டை உனக்குத் தெரியாததில்லை. ஐம்பத்தொன்பதில் நானும் சேதுவும் ஒரே கட்சிக்குத்தான் அலைந்தோம். நான் ஃபேரர் பார்க் பக்கம் ஒவ்வொரு வீடாக ஏறி, எந்தச் சின்னத்துக்கு எதிரே கோடு போட வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், கால் வீங்கி அப்பாதான் தைலம் தேய்த்தார். நாம் ஜெயித்த ராத்திரி சேது என்னைத் தூக்கிச் சுற்றினான். பிறகு கட்சி இரண்டாக உடைந்தது, அவன் அந்தப் பக்கம் போனான், நான் இந்தப் பக்கமே இருந்தேன். அடுப்படியில் சண்டை போடுவோம், சண்டை முடிந்ததும் சாப்பிடுவோம், அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவனை எதிர்த்துப் பேசத்தான் நான் பேப்பரே ஒழுங்காகப் படித்தேன். இப்போது நான் வீடு வீடாக ஏறிக் கொண்டுவந்த அரசாங்கம் என் வீட்டுக்கு வந்து ஏறியிருக்கிறது. போன வாரம் நம் கட்சிக் கிளையிலிருந்து ரத்தினம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். இங்கேயும் தேர்தல் வரும்போல் இருக்கிறது அக்கா, உங்களை மாதிரி பேச யாரும் இல்லை, பழையபடி வாங்க என்றாள். அரசாங்கம் காரணம் இல்லாமலா பிடிக்கும், எல்லாம் நல்லதுக்குத்தான், கொஞ்ச நாள்ல விட்டுடுவாங்க என்றும் சொன்னாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு டம்ளர் கழுவும்போதுதான் காப்பிக்குச் சர்க்கரை போட்ட ஞாபகமே எனக்கு இல்லை என்று தெரிந்தது, அவர்களும் சொல்லவில்லை.

சாங்கியில் வாரம் ஒரு தடவை பார்க்க விடுகிறார்கள், அரைமணி. நடுவில் கம்பிவலை. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டு விஷயம் பேசலாம், அரசியல் பேசக்கூடாது, பேசினால் அத்தோடு எழுந்திருக்க வேண்டியதுதான். முதல் தடவை போனபோது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்தக் கட்சியில் ஏமாந்துபோய்ச் சேர்ந்தேன் என்று கையெழுத்துப் போட்டு ரேடியோவில் சொன்னால் விட்டுவிடுவார்களாமே, சொல்லிவிட்டு வந்துவிடு ராசா என்றேன். சேது என் முகத்தைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். மிச்ச நேரம் முழுக்கச் சுவர்தான். அடுத்த வாரமும் அப்படி, அதற்கு அடுத்த வாரமும் அப்படி. சாப்பிடுகிறாயா என்றால் தலையாட்டுவான், ஆனால் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. அவனை வெளியே விடவில்லையே என்பதைவிட, என்னோடு பேசாமலே அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து என் பிள்ளை ஊமையாகிவிடுவானோ என்பதுதான் எனக்குப் பயம். அந்தப் பயமும் எங்கோ தூரத்தில் இருந்தது, யாரோ சொல்லிக் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் உன்னுடைய முந்தின கடிதம் வந்தது, தம்பி விஷயம் தெரியாமல் நீ சந்தோஷமாக எழுதியது. அங்கே பார்லிமெண்டில் ஓட்டெடுத்து அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்டார்கள், ஏப்ரல் எட்டாம் தேதி தேர்தல், ஓட்டுப் பட்டியலுக்குப் பெயர் எழுத வந்தவரிடம் நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவே இவனும் பிரிட்டிஷ் பிரஜைதான், வருஷம் ஒன்றாகிவிட்டது, எழுதிக்கொள் என்று சொன்னாள், வின்னிபெக்கில் எனக்கு ஓட்டு என்று எழுதியிருந்தாய். நாலாவது தடவை பார்க்கப் போனபோது சொல்வதற்கு எதுவும் இல்லாமல், அண்ணனுக்குக் கனடாவில் ஓட்டுக் கொடுத்திருக்கிறார்களாம் என்றேன். சுவரைப் பார்த்தவன் திரும்பினான். அது எப்படி, அவன் அந்த நாட்டுக்காரன் இல்லையே என்றான். மூன்று வாரம் கழித்து அவன் குரல். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன், உடனே அதிகாரி நிமிர்ந்தார், அம்மா, அரசியல் வேணாம்னு சொன்னேன்ல என்றார். இது கனடா சார், என் மூத்த பையன் விஷயம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கனடாதானே, பேசுங்க லா என்றார்.

அன்றைக்குப் பேசினோம் பார். அமெரிக்கா தருகிற அணுகுண்டை வாங்கி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதில்தான் அங்கே சண்டை என்று நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். நான் கவிழ்ந்த பிரதமர், அந்தப் பெரியவர் பக்கம் என்றேன். சேது சிரித்துவிட்டான், வேண்டும் என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தே அரசாங்கத்தைத் தொலைத்தவர், அவருக்கா உன் ஓட்டு என்றான். எதிர்க்கட்சிக்காரர் மட்டும் யோக்கியமா, சமாதானத்துக்குப் பரிசு வாங்கியவர், நேற்றுவரை வேண்டாம் என்றவர் இன்றைக்குக் குண்டு வரட்டும் என்கிறாரே என்றேன் நான். இரண்டு பேரும் வேண்டாம், தொழிலாளருக்கென்று புதிதாக ஒரு சின்னக் கட்சி இருக்கிறதே, குண்டே வேண்டாம் என்று முதலிலிருந்து சொல்வது அது ஒன்றுதான், அண்ணனை அதற்குப் போடச் சொல் என்றான். அது ஜெயிக்காது, ஓட்டு வீண் என்றேன். ஜெயிக்கிற பக்கம் போடுவதற்கு எதற்கு ஓட்டு, கைதட்டினால் போதாதா என்றான். அடுப்படியில் பேசுகிற அதே வேகம், அதே கை வீச்சு. போன வியாழக்கிழமையும் அப்படித்தான். அந்த ஊர் ஓட்டுச் சீட்டில் சின்னம் கிடையாது, ஆள் பெயரும் தொழிலும்தான் என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னதும் அதிகாரியே வாயைத் திறந்தார், சின்னம் இல்லாட்டி எங்கம்மாவெல்லாம் என்ன பண்ணுவாங்க என்றார். நேரம் முடிந்ததும், சரி, கடைசியில யாருதான் ஜெயிப்பா என்று மெதுவாகக் கேட்டார். கொண்டுபோன சாப்பாட்டை அவன் மறுக்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது வெயில் சுட்டது. வெயில் சுடுகிறது என்று தெரிந்தே வெகுநாள் ஆகியிருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி மரத்துவிட்டது, அது வேறு.

நான் ஏன் பெரியவர் பக்கம் என்று அங்கே சொல்ல முடியவில்லை, உனக்குச் சொல்கிறேன். கண்டபடி ஆளைப் பிடித்து அடைத்து வைக்கக்கூடாது என்று சட்டம் எழுதி நிறைவேற்றியவர் அவர்தான் என்று ஒரு தடவை நீ எழுதினாய். அந்த மண்ணில் முதலிலிருந்தே இருக்கிற ஜனங்களுக்கு ஓட்டுக் கொடுத்ததும் அவர் காலத்தில்தான் என்றாய். மற்றபடி ஊர் பேசுகிற மாதிரி அவர் தடுமாறுகிறவராகவே இருக்கட்டும், எனக்கு அந்தச் சட்டம் போதும். சேதுவுக்கும் இது தெரியும் என்று நினைக்கிறேன். நான் வேறு வேறு காரணம் சொல்லச் சொல்ல அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள், இதையெல்லாம் எழுதாதே என்று அப்பா சொல்கிறார். படிக்கட்டும், கனடா விஷயம்தானே.

இனி உன் விஷயம். ஓட்டுப் போட்டு நம் வீட்டில் என்ன கண்டோம் என்று கேட்கிறாய். எனக்கும் பதில் தெரியாது. அப்பா இங்கே முப்பது வருஷம் உழைத்து, வரிசையில் நின்று சத்தியம் செய்து பிரஜையாகி, அதன் பிறகு ஓட்டுப் போட்டார், போட்டுவிட்டு வந்து வேட்டி மாற்றாமல் அன்று முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தார். ஜனநாயகம் என்று கூட்டம் போட்டு நான் பேசினதெல்லாம் எனக்கே இப்போது ஞாபகம் வரவில்லை. ஆனால் ஓட்டுப் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போடவில்லை என்றால் வருகிற வியாழக்கிழமை நான் அவனிடம் என்ன சொல்வேன்? உன் கடிதத்தின் அந்த வரியை நான் அவனுக்குச் சொல்லப் போவதில்லை. அண்ணன் யாருக்குப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லப் போகிறேன், அதைப் பொய்யாக்காதே.

அந்த ஊர்ப் பேப்பரில் தேர்தல் பற்றி வருவதையெல்லாம் வெட்டி வாரா வாரம் அனுப்பு. தம்பிக்கு உள்ளே இன்னும் பேப்பர் கொடுக்கவில்லை. யார் எந்த ஊரில் என்ன பேசினார், யாரை யார் என்ன திட்டினார், உன் வீட்டுக்காரம்மா என்ன சொல்கிறாள், எதையும் விடாதே, அப்பா இங்கிலீஷைப் படித்துச் சொல்வார். ஏப்ரல் எட்டை நினைத்தால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கட்சி முழுசாக ஜெயித்துவிட்டால் சண்டை முடிந்துபோகும், அடுத்த தேர்தலுக்கு நாலைந்து வருஷம் ஆகிவிடும், நாங்கள் இரண்டு பேரும் மறுபடி சுவரைப் பார்க்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்குப் போனேன். குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்டார், சேதுபதி, கேட்டை என்றேன். தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தாயே, கனடாவில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்க வேண்டாம், என் பெரியவருக்கும் வேண்டாம், பிள்ளையின் சின்னக் கட்சிக்கும் வேண்டாம், இழுபறியாகவே கிடக்கட்டும், சீக்கிரம் இன்னொரு தேர்தல் வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்த நாட்டு ஜனங்களுக்கு இது கெடுதல் என்று தெரியும். அவர்கள் மன்னிக்கட்டும்.

பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கப்பலில் அனுப்பியிருக்கிறேன், டின்னைத் திறந்ததும் மேலே எண்ணெய் ஊற்று. ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சம்சுன்னிசாவும் உனக்காகத் துஆ கேட்கிறாளாம். நீ தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், மனசில் கசப்பு ஏறாமல் இருக்க வேண்டும். எட்டாம் தேதி மறக்காமல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வா. யாருக்கு என்று நான் சொல்ல மாட்டேன். யாருக்குப் போட்டாய், ஏன் போட்டாய் என்று அன்றைக்கே உட்கார்ந்து நீளமாக எழுது. சேது ஒத்துக்கொள்ளாத மாதிரி எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
செல்லக்கண்ணு