பிள்ளை என்று கூப்பிடுகிற வீடு

முரசுமோட்டை, 9.2.1960

வாசிகசாலை ஆண்டு விழாவில் நான் பேசப்போகிறேன்! தலைப்பு: அடிமைமுறை உலகை விட்டு ஒழிந்துவிட்டது. ஒழிந்தது என்று நான், இல்லை என்று யூலிற்றா ரீச்சர். என்னோடு படிப்பிக்கிறவள், முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண், சிரித்துக்கொண்டே பேச்சில் ஆளை வெட்டுவாள். இந்தமுறை விடமாட்டேன். கிரேக்கர், ரோமர், அமெரிக்கப் பருத்தித் தோட்டம் எல்லாம் வாசித்தாயிற்று. இந்த யோசனையில் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு அக்காவிடம் ஏச்சும் வாங்கியாயிற்று.

11.2

அகப்பட்டது! எங்கள் வீடே சாட்சி. நானும் இருக்கிற இந்த அக்கா வீட்டில் வேலைக்கு நிற்கிற சிறுமியை அவளுடைய எட்டு வயதில் நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அத்தான் கூட்டிவந்தார். பெயர் சிவகாமி. அத்தானின் அம்மாவுக்கும் அதே பெயர். மாமியின் பெயரைச் சொல்லி அக்கா வேலை ஏவ முடியுமா, ஏசத்தான் முடியுமா? ஆகவே அவளைப் "பிள்ளை" ஆக்கிவிட்டார்கள். பிள்ளை, தண்ணி அள்ளு. பிள்ளை, மாட்டை அவிழ். ரோமில் அடிமை, எங்களிடம் பிள்ளை! இதற்குக் கைதட்டல் நிச்சயம்.

14.2

வென்றுவிட்டேன்! "பிள்ளை" என்ற இடத்தில் கூரை பறக்கிற மாதிரிக் கைதட்டல். நடுவர் வீரகத்தி மாஸ்டரே தட்டினார்.

யூலிற்றா எழும்பினாள். "அடிமையிட்டை அன்பாயிரு எண்டு உங்கட தர்மமும் சொல்லும், எங்கட வேதமும் சொல்லும், ரோமாபுரி ஞானியளும் சொன்னவை. எல்லாரும் எசமானுக்குத்தான் புத்தி சொன்னவை. அந்தப் பிள்ளை வீட்டை போகப்போறன் எண்டால் போகலாமோ, இராசமலர்? அதை மட்டும் சொல்லும்."

"தாராளமாய்ப் போகலாம். நாளைக்கு வந்து நீரே கேளும்" என்றேன். அதற்கும் கைதட்டல்!

15.2

வந்தாள். பிள்ளை முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். அக்காவும் பக்கத்தில். பதில் தெரிந்த தைரியத்தில் நானே கேட்டேன்: "உனக்கு வீட்டை போக விருப்பமோ, இல்லை எங்களோடை நிக்கப்போறியோ?"

விளக்குமாறு கீழே விழுந்தது.

"போகலாமுங்களா அக்கா?" என்றாள் என்னைப் பார்த்து.

இன்றைக்கே என்று நினைத்துவிட்டாள். உள்ளே ஓடி, நல்ல சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு இழுத்துச் சீவி, ஒரு துணி மூட்டையோடு வந்து நிற்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஐந்து வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை.

"இண்டைக்கில்லையடி, விசரி. போய்க் கூட்டு" என்றா அக்கா.

போய்க் கூட்டினாள், அந்த நல்ல சட்டையோடேயே. யூலிற்றா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

16.2

கோபம் கோபமாய் வருகுது. ஆர் மேலை?

20.2

அத்தானிடம் கேட்டேன். "போகட்டுமேன், ஆர் மறிச்சது? வெட்டின நெல்லுச் சூடு மிதிச்சு முடியட்டும்." நல்ல மனிசன்! ஓடிப்போய்ப் பிள்ளையிடம் சொன்னேன். கிணற்றடியில் இரண்டு பேரும் துள்ளிக் குதித்தோம்.

12.3

சூடு மிதித்தாயிற்று. "நெல்லு அவிச்சு முடியட்டும்."

27.3

அவித்தாயிற்று. "வருசப்பிறப்புக் கழியட்டும். நல்லநாளிலை ஆளை அனுப்பக்கூடாது."

இப்போதுதான் பிடிபட்டது! அத்தான் ஒருதரமும் 'இல்லை' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை பிடித்திருப்பேன். ரோமருக்குச் சங்கிலி வேண்டியிருந்தது, எங்களுக்கு 'முடியட்டும்' போதும். உடனே யூலிற்றாவிடம் ஓடினேன். "நீர் சொன்னதுதான் சரி" என்றேன். "வெண்டது நீரெல்லோ" என்று சிரித்தாள். பிறகு, "எப்ப போவம்?" என்றாள்.

2.4

சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை நானும் யூலிற்றாவும் கூட்டிப்போகிறோம் என்று.

அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "வேதக்காரியின்ரை கதையைக் கேட்டு வீட்டைக் குழப்புறியோ? என்ர சொந்தப் பிள்ளை மாதிரியெல்லோ வளர்த்தனான்!"

"சொந்தப் பிள்ளையைத் தாயிட்டைப் போகவேண்டாமெண்டு ஆர் அத்தான் மறிப்பினம்?"

"போனால் இந்தப் படலையை நீயும் திறக்காதை."

போறன், போறன், போறன்! திரும்பி வந்து யூலிற்றாவின் அறையில் பாயைப் போட்டுக்கொள்வேன்.

8.4

றெயிலில். எழுத்து ஆடுகிறது. அத்தான் முகம் காட்டாமல் வயலுக்குப் போய்விட்டார். ஆனால் அக்கா விடியற்காலையில் பிள்ளைக்குத் தலை பின்னி, எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் மூட்டைக்குள் வைத்தா.

மாங்குளம் வரமுதலே "இறங்கணுமா அக்கா?" வவுனியாவில் மூட்டையோடு எழும்பிவிட்டாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று யூலிற்றா எத்தனை தரம் சொன்னாலும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழும்புகிறாள். இப்போது நானும் சேர்ந்து எழும்புகிறேன். எதிரே இருக்கிற ஐயா எங்களை விசர் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்!

10.4

வந்து சேர்ந்தோம். தோட்டத்தின் பெயர் அவளுக்கு மறக்கவில்லை, மலைப்பாதையில் எங்களை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் தாய் அவளை அடையாளம் காண ஒரு கணம் சென்றது. பிறகு "சிவகாமி, சிவகாமி" என்று ஊர் கேட்கக் கத்தினா. நான் அழுதேன். யூலிற்றாவும்தான், பிறகு இல்லை என்றாள்.

சாம்பிராணிப் புகை மாதிரி மூடுபனி, கூதல். தாய் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தா. குடித்து முடித்து, யூலிற்றாவோடு ஏதோ கதைத்தபடியே, திரும்பிப் பாராமல், வெறும் கோப்பையைச் சிவகாமி இருந்த பக்கம் நீட்டினேன்.

யாரும் வாங்கவில்லை.

அவள் தாயின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். என் கையை அவள் காணவேயில்லை. யூலிற்றா கண்டாள்.

எழும்பி, தண்ணீர் விழுகிற பீலிக்கு இறங்கிப் போய், கோப்பையைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன்.