உள்ளடக்க ஆபீசர்

கடந்த புதன்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்கு, ஏழு பேர் கூடி, இரண்டு தட்டு பருப்பு வடையின் துணையுடன், நம் அலுவலகம் ஒரு சொல்லைக் கைவிட்டது. ‘உள்ளடக்கம்’ என்பது இனி நம் பெயர்ப்பலகைகளில் இடம்பெறாது. அந்த இடத்தில் ‘இணைவு’ வரும். முன்மொழிந்தவர் இயக்குநர். வழிமொழிந்தவர் யார் என்பதில் குழப்பம் இருந்ததால், அனைவரும் வழிமொழிந்ததாக நானே கூட்டக் குறிப்பில் எழுதினேன். தீர்மானம் நிறைவேறியதும் மின்விசிறியின் வேகம் கூட்டப்பட்டது.

செயல்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. உங்கள் மேசைமீது இருந்த ‘உள்ளடக்க அலுவலர்’ பலகையைத் திருகாணி கழற்றி எடுத்தேன். பின்புறம் முழுக்க உப்புப் பூத்திருந்தது. விரலில் ஒட்டியதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து டீக்கடைக்குப் போனேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மீன்பிடித் துறைமுகம்வரை நடந்தேன். திரும்பி வந்தபோது பலகை மேசையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து இப்படித்தான்.

இன்னொரு வேலையும் எனக்குத் தரப்பட்டிருக்கிறது. நீங்கள் போனபின் காலியாக இருக்கும் பணியிடத்துக்கு விளம்பரம் எழுத வேண்டும். கல்வித் தகுதி, பணிகள், பணி வரம்பு என்று மூன்று பத்திகள். முதல் இரண்டையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். முதுகலைப் பட்டம், கணினி அறிவு, நீதியில் நாட்டம். மூன்றாவது பத்தியில் ‘பணி வரம்பு’ என்று எழுதி ஒரு முக்காற்புள்ளி வைத்ததோடு சரி, ஐந்து நாளாக நிற்கிறேன்.

‘உள்ளடக்கம்’ என்ற சொல்லைப் பெற்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். உப்பள வேலைக்காரர்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் நாம் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘இன்க்ளூஷன்’ என்று ஒரு புதுப்பெயர் வந்தபோது, அதைத் தமிழாக்க மூன்று அகராதிகளைப் புரட்டினேன். நீங்கள் அதுவரை வெறும் களப்பணியாளர். பலகை மாட்டிய அன்று அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்:

“அண்ணாச்சி, இது யாரை எதுக்குள்ள அடக்குத வேலை?”

விலக்கப்பட்டவர்களைச் சமூகத்துக்குள் கொண்டுவருவது என்று விளக்கினேன். வேர்ச்சொல் எல்லாம் சொன்னேன்.

“ஓஹோ. அப்ப நாம ஏற்கெனவே உள்ள இருக்கமா? எனக்கு யாரும் சொல்லலையே” என்றீர்கள்.

அடுத்த வாரம் வேம்பாருக்குத் தெற்கே, பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊருக்குப் போனோம். மகளிர் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, புதுப் பதவியின் கௌரவத்தோடு, “நான் உள்ளடக்க ஆபீசர்” என்றீர்கள். பின்வரிசையில் மீன்கூடை பின்னிக்கொண்டிருந்த மரியா கையை நிறுத்தினாள்.

“உள்ள அடக்கம் பண்ண வைக்கிற ஆபீசரா, அக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, இருமலாக மாற்றிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு சுவர் உண்டு என்பதும், பங்குக் கோயிலின் குடும்பப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்களுக்குச் சுவரின் உள்ளே அடக்கம், இல்லாதவர்களுக்கு வெளியே, அலை ஏறி வரும் மணலில் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மரியாவின் அம்மா பேச்சியம்மாள் ஏரல் பக்கத்திலிருந்து உப்பளத்துக்கு வந்தவள். அந்த ஊர் மீனவர் ஒருவரோடு முப்பது வருடம் வாழ்ந்தவள். முப்பது வருடமும் அதே கோயிலில் முழங்காலிட்டவள். பெயர் மட்டும் புத்தகத்தில் இல்லை. அன்று அவள் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடந்தாள். மகளிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: என்னைத் தண்ணியில போக விட்டுராத.

“ஆமா, அந்த ஆபீசர்தான்” என்றீர்கள்.

பேருந்தில் திரும்பும்போது நான் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். சொல்லின் பொருள் வேறு, திட்டத்தின் நோக்கம் வேறு, அடக்கம் நம் செயல்திட்டத்தில் இல்லை. நீங்கள் சன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். “நீங்க வச்ச பேருதானே அண்ணாச்சி. அவங்க உங்களைவிடச் சரியாப் படிச்சிருக்காங்க” என்றீர்கள்.

பதினெட்டாவது நாள் பேச்சியம்மாள் இறந்தாள். நாம் போய்ச் சேர்ந்தபோது சுவருக்கு வெளியே குழி தோண்ட ஆள் நின்றது. ஊர்க் கமிட்டித் தலைவர் நாற்காலியில் இருந்தார்.

“யம்மா, இது எங்க ஊர் விசயம். நீ எந்த ஆபீசு?”

“உள்ளடக்க ஆபீசு, அண்ணாச்சி.”

“கவர்மெண்டுல அப்படி ஒரு ஆபீசு இருக்கா?”

“இல்ல. அதனாலதான் நான் வந்திருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரித்தவரைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. பேச்சும் அதோடு முடிந்திருக்க வேண்டும். நீங்கள் பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தீர்கள். நம்மைப் போன்ற நிறுவனங்கள் அந்த நோட்டு இல்லாமல் மூச்சுவிடுவதில்லை. எங்கே நாலு பேர் கூடினாலும் பெயர், வயது, ஊர், கையொப்பம் வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. புதுப் பக்கத்தில் நீங்கள் தலைப்பு எழுதினீர்கள்: ‘பேச்சியம்மாளைச் சுவருக்கு வெளியே வைக்க முடிவு செய்தவர்கள்’. அடியில் வழக்கம்போல நான்கு கட்டங்கள்.

“வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ரிப்போட்டுக்குத்தான். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் போயிருதேன்.”

தலைவர் படித்தார். பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினார். “நீ போடுலே.”

“எனக்கென்னத்துக்கு? நீருதானே தலைவரு.”

நோட்டு அந்தக் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். ஒருவர் கையில் மீன் நாற்றம் என்றார். ஒரு கிழவர், தனக்கு எழுதத் தெரியாது என்று கூறினார். “ஏ தாத்தா, போன வாரம் பாங்கில போட்டீரே” என்று மரியா கேட்டாள். கைநாட்டுக்கு மை இருக்கிறது என்று நீங்கள் மைப்பெட்டியை எடுத்து நீட்டினீர்கள். கிழவர் கையை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். வெயில் ஏறியது. நோட்டு வெறுமையாகவே உங்களிடம் திரும்பி வந்தது.

“உள்ளயே வைங்கலே. போங்க” என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல்.

அந்தக் காலாண்டு அறிக்கையில், ‘உள்ளடக்கப்பட்டோர்’ என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். ஆறு மாதத்துக்குப் பிறகு பயனாளியின் வாழ்க்கையில் ஏற்பட்ட முன்னேற்றத்தைக் குறிப்பிடுமாறு அடுத்த படிவம் கேட்டது. இயக்குநர் என்னை அழைத்தார். அவர் கெட்டவர் இல்லை. படிவத்துக்குப் பயந்தவர், அவ்வளவே. அதற்குள் கடற்கரையில் உங்களுக்கு ‘அடக்கத்து அக்கா’ என்று பெயர் வந்துவிட்டிருந்தது. நான்கு ஊர்களிலிருந்து இதேபோல் அழைப்பு வந்தது. நீங்கள் எல்லாவற்றுக்கும் போனீர்கள். பயிற்சி வகுப்புகள் தள்ளிப்போயின. ஆண்டு மதிப்பீட்டில், உங்கள் பெயருக்கு எதிரே, ‘பணி வரம்பை மீறிச் செயல்படுகிறார்’ என்று எழுதியவர் இயக்குநர் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவர் எழுதச் சொன்னார், வாசகம் என்னுடையது. இதைச் சொல்லத்தான் இந்த மடலைத் தொடங்கினேன், சொல்வதற்கு இவ்வளவு தூரம் சுற்றிவந்திருக்கிறேன்.

நீங்கள் அதை இரண்டு முறை படித்தீர்கள். “மீறி. வல்லின றி. சரியாத்தான் போட்டிருக்கீங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டீர்கள். அண்ணாச்சி என்பதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தினீர்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். அந்த ஆண்டிலிருந்து நீங்கள் தற்காலிகப் பணியாளர். பலகை மட்டும் மாறவில்லை. தற்காலிகம் என்று சேர்க்க அதில் இடம் இல்லை.

மருத்துவமனையில் உங்களைப் பார்க்க வந்த இரண்டு முறையும் அதைச் சொல்ல வாயெடுத்தேன். முதல் முறை நர்ஸ் வந்துவிட்டார். இரண்டாம் முறை யாரும் வரவில்லை. சாத்துக்குடி விலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்கள் அடக்கத்துக்கு அந்த ஊரிலிருந்து மரியாவோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சுவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, குழி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அழத் தொடங்கினார்கள்.

நேற்று உங்கள் மேசைத் தொலைபேசி அடித்தது. பலகையைத்தான் எடுத்தோம், எண்ணை மாற்ற யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

“அடக்க ஆபீசுதானே?” மரியாவின் குரல்.

இது இணைவு அலுவலகம் என்று சொல்ல வேண்டும். “ஆமா” என்றேன்.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒடிசாக்காரர் ஒருவர் விடிகாலையில் இறந்துவிட்டாராம். ஒன்பது வருடமாக அங்கே இருந்தவர். கழுத்தில் சிலுவை இருக்கிறது, புத்தகத்தில் பெயர் இல்லை. வெளியே குழி வெட்டப்போகிறார்கள்.

“அக்கா இப்ப இல்லைம்மா” என்றேன்.

“தெரியும் சார். அக்கா அடக்கத்துக்கு நாங்க வந்தோமே. அக்கா இல்லன்னா என்ன, அந்த நோட்டு அங்கன இருக்குல்லா?”

இருந்தது. உங்கள் மேசையின் கீழ் இழுப்பறையில், மைப்பெட்டியோடு. விளம்பரத்தின் மூன்றாவது பத்தியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்தேன். ஊரில் நோட்டைத் திறந்து நானே தலைப்பை எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

வருகைப் பதிவேட்டில் இப்போது ஆறு பக்கங்கள் கையொப்பமின்றி இருக்கின்றன. நான் எழுதிய ஆறாவது பக்கத்துக்கு மட்டும் விளக்கம் கேட்டு இன்று காலை எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது.