கடல் சும்மா நிற்கும் நேரம்

தம்பி,

பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்துவிட்டாள். பெரிய பேரனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. சின்னவன் கபடியில் மாவட்டத்துக்கு ஆடப் போகிறான். "முதல்ல பிள்ளைங்க சேதி சொல்லுக்கா, பெறவு உன் மூட்டுவலி" என்பாய். அதனால்தான் முதலில் இது.

இன்று காலண்டரில் தேதி கிழிக்கும்போது, அதன் அடியில் மாட்டியிருந்த உன் கடல் அட்டவணை கையோடு வந்து விழுந்தது. கடலே இல்லாத சங்கரன்கோவிலில் கடல் ஏறி வற்றுகிற நேரத்தை ஆணியில் தொங்கவிட்டிருப்பவள் நான் ஒருத்திதான்.

ஓடுகிற கடல்நீரில் எந்திரம் சுற்றிக் கரண்ட் எடுக்கலாம் என்று குஜராத் பக்கம் வருஷக்கணக்காகக் கிடந்தாய். "ஏலே, நம்ம ஊரைச் சுத்தி நிக்குத கரண்ட் காத்தாடி போதாதா?" என்று கேட்டேன்.

"கரண்ட் போனா அப்பா விசைத்தறி முன்னால கையைக் கட்டி உக்காந்திருப்பாங்களே, மறந்துட்டியா? காத்து நினைச்சா வரும். கடல் சொன்ன நேரத்துக்கு வரும்க்கா."

ஏறுவதற்கும் வற்றுவதற்கும் நடுவே கடல் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். உன் எந்திரமும் நிற்கும். அளக்க ஒன்றுமில்லாத அந்த நேரத்தில்தான் எனக்குப் போன் செய்வாய். அது தினமும் தள்ளிப்போகும். அட்டவணையைப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். கல்லூரிக்குத் திரும்பிப் பேராசிரியரான பிறகும் நீ அந்த நேரத்தை விடவில்லை.

அன்றைக்கு நேரம் தப்பி மணி அடித்தது. புது நம்பர். கடல் ஓடுகிற நேரம், தம்பியாக இருக்காது என்று எடுக்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீதான் ஆஸ்பத்திரியில் நர்ஸின் போனை வாங்கிக் கூப்பிட்டாயாம். சாயங்காலம் உன் மகள் சொல்லித்தான் தெரியும். அப்போது நீ இல்லை.

பிள்ளைகள் சேதிதான் கேட்க வந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அட்டவணை போன டிசம்பரோடு முடிந்துவிட்டது. நீ சொல்லித் தந்தபடி நாளுக்கு ஐம்பது நிமிஷம் கூட்டி, பென்சிலால் எழுதி வருகிறேன். அஞ்சாம் வகுப்புக் கணக்கு. சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. அந்த நேரத்துக்கு இன்னும் அடுப்பை அணைக்கிறேன். மற்ற நேரத்திலும் யார் கூப்பிட்டாலும் எடுத்துவிடுகிறேன். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்களுக்கெல்லாம் என் குரல் பழகிவிட்டது.

நீ அனுப்பிய போட்டோவெல்லாம் எந்திரம். ஓரத்தில் நீ, தொப்பிக்குள் முகம் தெரியாமல். போனை வைக்கும்முன் எப்போதும் சொல்வதைத்தான் இப்போதும் சொல்கிறேன்: முகம் தெரிகிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு, தம்பி.