நம் வீட்டு நோட்டில் ஓடும் நாடு

அன்பு மகளுக்கு,

போனில் பேசி நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று நினைப்பாய், பொறுத்துக்கொள். போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் அப்பா பக்கத்தில் நின்று திருத்துவார். இங்கே இரண்டு பேரும் நலமாகத்தான் இருக்கிறோம், அவருக்குத் தொப்பை மட்டும் கூடியிருக்கிறது. உனக்குச் சளி விட்டதா, ஈரத் தலையோடு வெளியே ஓடாதே.

என் அலுவலகக் கூத்தைக் கேள். எந்த வரியைக் கூட்டினால், எந்தச் சலுகையைக் குறைத்தால் நாட்டுக்கு என்ன ஆகும் என்று கணக்கிடும் கணினி மாடலை நம் ஆட்களே செய்யப் பழக வேண்டும் என்று ஒரு பயிற்சியாளரை வெளியிலிருந்து வரவழைத்தார்கள் அல்லவா, எட்டுப் பேருக்கு இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்து, சான்றிதழ் தந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறு மாதமே ஏழு பேருக்கு இடமாற்றம், அவர்களில் வட்டி விகிதத்தை அத்தனை அழகாக விளக்கியவர் இப்போது மீன்வளத் துறையில் படகுகளுக்கு எண் போடுகிறார். மிஞ்சியது நான் மட்டும். திறமையால் இல்லை, கூட்டத்தில் வாயே திறக்காததால் நான் இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

மாடலில் மக்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு வீடு வீடாக எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. ஓடுகிறதா என்று பார்க்க இப்போதைக்கு எதையாவது போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் சொன்னார். என் கையில் இருந்தது நம் வீட்டுச் செலவு நோட்டு, அதையே போட்டேன். நாட்டில் இருக்கும் இரண்டு கோடி வீட்டால் அது பெருக்கிக்கொண்டது. சோப்பு முதல் செருப்பு வரை நாட்டின் விற்பனைக் கணக்கோடு அப்படிப் பொருந்திவிட்டது. இன்னும் மாதாமாதம் நம் நோட்டுதான் ஏறுகிறது. எடுத்துவிடலாம் என்றால், நல்லா ஓடற வண்டிய ஏம்மா நிறுத்தணும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்கிறார் பிரிவுத் தலைவர். போன வாரம் வீட்டுக்கே போன் போட்டு, சார், பட்ஜெட் முடியற வரைக்கும் மூக்குக்கண்ணாடிய மாத்திடாதீங்க, நாட்டோட மருத்துவச் செலவு எகிறிடும் என்று உன் அப்பாவிடம் கெஞ்சினார். இவருக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. கண்ணாடிக் கம்பியை நூலால் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடு, நான் என்ன ஒரு ஆளா, ரெண்டு கோடிப் பேரு சாப்பிடணும்ல என்கிறார். நான் குடையைத் தொலைத்துப் புதுசு வாங்கியதற்கு விளக்கம் கேட்டார்கள், இறக்குமதி கூடிவிட்டதாம்.

இந்த வாரம் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ கிளம்பிப் போனதிலிருந்து நம் நோட்டில் மாணவர் பஸ் பாஸ் இல்லை. அதனால் நாட்டில் எந்தப் பிள்ளையும் பஸ்ஸில் படிக்கப் போவதில்லை என்கிறது மாடல், அந்தச் சலுகையை நிறுத்தினால் யாருக்கும் வலிக்காது என்று அறிக்கையும் தயார். நான்தான் தட்டச்சு செய்தேன். நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பாஸில்தானே போய்ப் படித்தேன். பிரிவுத் தலைவரிடம் சொன்னால், உங்க பொண்ண லீவுக்கு வரச்சொல்லி நாலு நாள் பஸ்ல ஏத்திவிடுங்கம்மா, கணக்கு சரியாகிடும் என்கிறார்.

இருபத்தாறாம் தேதி காலை எங்கள் துறைச் செயலாளர் முன்னால் கூட்டம். இவை நாட்டின் எண்கள் இல்லை, எங்கள் வீட்டு எண்கள், வீடு வீடாகப் போய்க் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்று நான் எழுந்து சொல்ல வேண்டும். என் வேலை போனால் மாடலில் நாட்டில் பாதிப் பேருக்கு வேலை போய்விடுமே என்பது உன் அப்பாவின் கவலை.

நேரத்துக்குச் சாப்பிடு, அறைச் சாவிக்கு இன்னொன்று செய்து வை. நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும்.

உன் அம்மா

பி.கு. கேட்க வெட்கமாக இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி மாலை போன் பண்ணு. நீ செயலாளராக இரு, நான் பேசிக் காட்டுகிறேன். அம்மா என்று கூப்பிடாதே, குறுக்கே பேசு, கடுமையாகக் கேள். நான் பாதியில் நின்றுவிட்டால் மட்டும் போனை வைத்துவிடாதே.