அறுபதாம் நாள் கையெழுத்து

மச்சான் ஏகாம்பரம்,

கோர்ட்டில் எல்லாருக்கும் நீ மாஜிஸ்திரேட் ஐயா. எனக்கு மட்டும் சட்டக் கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்ட ஏகாம்பரம். நீ போய் ஏழு மாசம் ஆகிறது. இன்னும் சில நாள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் உன் அறைப் பக்கம் நடந்துவிடுகிறேன். அங்கே புதுசாக ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷன்தான். வயசான சாட்சி வந்தால் உட்காரச் சொல்கிறார்.

நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி, உன் தம்பி வீட்டோடு திருக்கழுக்குன்றத்துக்குப் போய்விட்டது. முந்தாநாள் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்துவிட்டு, "அண்ணே, ஆஸ்பத்திரியில அவரு கடைசியா உங்ககிட்ட இன்னாவோ கேட்டாரே, இன்னாது அது?" என்றது. "கோர்ட் விஷயம்மா" என்று சொல்லிவிட்டு செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். வழியெல்லாம் மனசு சரியில்லை. யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்த சமயம் நினைவிருக்கிறதா? மாஜிஸ்திரேட்டுகளுக்கு மதராஸில் மூன்று சனிக்கிழமை வகுப்பு என்று சுற்றறிக்கை வந்தது. நெடுநாள் சர்வீஸ் உள்ளவர்கள் விலக்குக் கேட்கலாம் என்று கடைசியில் ஒரு வரி. உனக்கு அந்தத் தகுதி இருந்தது. எனக்கு இரண்டு வருஷம் குறைந்தது. நீ அந்தக் காகிதத்தோடு என் அறைக்கு வந்து, "இன்னாடா மச்சான், நானும் வரட்டா?" என்று கேட்டாய்.

"உனக்கு எதுக்குடா வகுப்பு? இத்தினி வருஷமா ரிமாண்டு எழுதுற. உனக்குப் பாடம் எடுக்க எவன் கீறான்? விலக்கு வாங்கிக்கோ" என்றேன்.

நீ சிரித்தாய். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது உனக்கு, பார்த்தேன். அங்கேயே கையெழுத்துப் போட்டாய். நான் ஏன் அப்படிச் சொன்னேன் மச்சான்? நிஜமாகவே உன் அனுபவத்தின் மேல் இருந்த மரியாதையா? இல்லை, ரெண்டு பேரும் போனால் கோர்ட்டை யார் பார்ப்பது, என்னையும் போக விடமாட்டார்களே என்ற பயமா? எத்தனை தடவை யோசித்தாலும் பிடிபடவில்லை.

அப்புறம் எல்லப்பன் வந்தான். சதுரங்கப்பட்டினத்து மீனவன். வலைத் தகராறில் பங்காளியைக் கத்தியால் வெட்டிவிட்டான் என்று வழக்கு. வக்கீல் கிடையாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சப்-ஜெயிலிலிருந்து கூட்டிவருவார்கள். நீ காவலை நீட்டிக் கையெழுத்துப் போடுவாய். அறுபதாம் நாளும் அப்படியே போட்டாய். பழைய சட்டத்தில் அது தப்பில்லை. புதுச் சட்டத்தில், அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை கொடுக்காவிட்டால், ஜாமீனுக்கு ஆள் இருந்தால், விட்டே ஆக வேண்டும்.

குற்றப்பத்திரிகை வரவில்லை. ஆள் இருந்தது. எல்லப்பன் பெண்சாதி கன்னியம்மா, ஜாமீன்தாரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அறுபது நாளானால் விடணுமாமே என்று கேட்டு அன்றைக்குக் கோர்ட் கேட்டில் நின்றிருக்கிறாள். டவாலி போட்ட சேவகன் துரத்திவிட்டான். அது உன் காதுக்கு வரவேயில்லை.

எழுபத்தைந்தாம் நாள் நீ மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாய். உன் கோர்ட்டுக்கு நான் பொறுப்பு. கேஸ் கட்டைப் புரட்டி நாளை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். அன்றைக்கே விட்டேன். வெளியே வந்த எல்லப்பன் மொட்டை அடித்திருந்தான். அவன் அப்பா செத்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவன்தான் மூத்த பிள்ளை. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். சேதி கேட்டு ஜெயிலிலேயே தலையை மழித்துக்கொண்டானாம்.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். மோர் டம்ளரைக் கீழே வைத்தாய்.

"அறுபது நாள்னு வகுப்புல எப்பச் சொன்னாங்க?"

"ரெண்டாவது சனிக்கிழமை."

"எங்கிட்ட சொன்னியா?"

திங்கட்கிழமை கொளவாய் ஏரிக்கரையில் நடக்கும்போது சொன்னேன் என்றேன். அன்றைக்கு நான் மதராஸ் பிரியாணியைப் பற்றித்தான் பேசினேன் என்று நீ சொன்னாய். நீ பொய் சொல்கிற ஆள் இல்லை. நானும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரை ஞாபகம் இருக்கிறது, நீ செருப்பு அறுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. சொன்னேனா என்பது மட்டும் ஞாபகமில்லை.

"இந்தக் கேஸை இனி நான் கேக்கக் கூடாது" என்று மாற்றச் சொல்லி எழுதினாய். என்னிடம் வந்தது. சாட்சிகள் ஒத்துவரவில்லை, விடுதலை செய்தேன். மேல்முறையீட்டுக் காலமும் கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாடா, போய்ட்டு வரலாம்" என்று என்னைக் கிளப்பினாய். மகாபலிபுரம் போய், அங்கிருந்து வேறு பஸ். டச்சுக்காரன் கோட்டையைத் தாண்டி அவன் வீட்டை விசாரித்துப் போனோம்.

எல்லப்பன் நம்மைப் பார்த்ததும் பயந்து எழுந்துவிட்டான். நீ நின்றபடியே, "தப்பு என்னுதுப்பா. உன்னைப் பதினஞ்சு நாள் முன்னாடியே வுட்டிருக்கணும்" என்றாய். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதான சாமி வுட்டீங்க! ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்" என்று காலில் விழப் போனான். நீ பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டாய்.

கன்னியம்மாவுக்குப் புரிந்தது. கையிலிருந்த மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு உன்னையே பார்த்தாள்.

"அப்போ அன்னிக்கு கேட்டாண்ட நின்னுகினு நான் கேட்டது நாயந்தானா சாமி?"

"நியாயந்தாம்மா."

"பைத்தியக்காரின்னு தொரத்துனாங்க. வூட்ல கெழவரு புள்ள எங்க, புள்ள எங்கன்னு கேட்டுகினே..." அப்படியே உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, திரும்பி வரவும் இல்லை. நாம் பஸ்ஸுக்கு நடந்தோம்.

மறுநாளே விலக்கை ரத்து செய்யக் கேட்டு எழுதினாய். அடுத்த வகுப்பில் உன் மகன் வயசுப் பையன்களோடு முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டெழுதினாய். அதை நினைத்து மேலதிகாரி ஒருத்தர் சிரித்ததாகக் கேள்வி. அப்புறம் மூன்று மாசத்தில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே: "நான் முதல்லயே வகுப்புக்கு வந்திருந்தா அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க மாட்டேன் இல்ல?"

"ஆமாடா" என்றேன்.

அது எனக்கே தெரியாத பதில், மச்சான்.

எல்லப்பனை விட்ட அன்று, உன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், பயத்தில் என் கோர்ட்டுக் கட்டுகளையும் எடுத்து எண்ணிப் பார்த்தேன். கட்டட வேலைக்கு வந்த காசிநாதன் என்று ஒருத்தன். திருட்டுக் கேஸ். அறுபத்து நான்காம் நாள். அறுபதாம் நாள் காவலை நீட்டிக் கையெழுத்துப் போட்டது நான்தான். வகுப்பில் உட்கார்ந்தவன், அந்தப் பிரிவை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன். கட்டோடு கட்டாக நீட்டினார்கள், போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் சொந்த ஜாமீனில் அனுப்பினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் கூட.

நீ தெரியாமல் செய்தாய். சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போனாய். நான் தெரிந்திருந்தும் செய்தேன். உன் பக்கத்தில் நல்லவன் மாதிரி நின்றேன். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்குமா? இல்லை, வகுப்பும் காப்பாற்றாது என்றால் வேறு எதுதான் காப்பாற்றும் என்று இன்னும் கலங்கியிருப்பாயா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் எனக்கும் விலக்குப் படிவம் வந்திருக்கிறது. சர்வீஸ் வருஷம் நிறைந்துவிட்டது. கோர்ட் ஆபீஸைப் பார்க்கும் சிரஸ்தார் பேனாவைத் திறந்தே கொடுத்தார். "வாங்கிக்கங்க ஐயா, நீங்க பாக்காத சட்டமா?" என்றார். நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை! படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வகுப்புக்குப் போனால் போதும் என்று நம்பி அல்ல. போகாமல் இருக்க என்ன நியாயம் என்று தேடினேன், கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

வகுப்பில் இந்த இரண்டு கட்டுகளைப் பற்றியும் எழுந்து சொல்வேன். இரண்டாவது யாருடையது என்றும் சொல்வேன். அதற்கு முன்னால், வருகிற ஞாயிறு, செங்கல்பட்டைச் சுற்றிக் கட்டட வேலை நடக்கிற இடங்களில் காசிநாதனை விசாரிக்கப் போகிறேன். கிடைப்பானோ, ஊர் மாறிப் போனானோ தெரியாது. கிடைத்தால் எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியாது. ஆனால் போகிறேன் மச்சான். இந்தத் தடவை தனியாக.

ரத்த சொந்தம் இல்லாத உன் மச்சான்,
கோவளம் சுக்கூர்